ஆறிப்போன காப்பி

கல்யாணங்களில் வானத்தைப் பார்த்துச் சுடும் வழக்கத்தை ஒழிக்க, தலைநகர் அம்மானிலிருந்து எங்கள் ஊருக்கு அனுப்பப்பட்ட நிபுணர் டாக்டர் முஅதஸிம் எங்கள் ஊர்க்காரர்தான். மக்கள் மனத்தை மாற்றும் விளம்பரக் கலையில் வெளிநாட்டுப் பட்டம் வாங்கியவர். 'உங்கள் சந்தோஷம் அடுத்த வீட்டுத் துக்கமாகலாமா?' என்ற அவருடைய சுவரொட்டி ஊரெங்கும் இருந்தது. ஆகப் பெரியது அவருடைய அண்ணன் அபூ ராமியின் வீட்டுச் சுவரில். கடைசிப் பையன் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய அன்று, அதன் கீழே நின்றுதான் அபூ ராமி தன் கைத்துப்பாக்கியைக் காலி செய்தார்.

மூத்தவன் ராமிக்குப் பெண் கேட்டு அபூ ஸைஃப் வீட்டுக்கு ஊர்ப் பெரியவர்களோடு நானும் போனேன். போன கோடையில் யாரோ சுட்ட குண்டு, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அபூ ஸைஃபின் மனைவி தோளில் இறங்கியது. அந்தக் கை இன்னும் மேலே எழவில்லை.

எங்கள் தரப்பில் பேச வந்தவர் டாக்டர். முறைப்படி, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் பெண்ணைக் கேட்டார். சம்மதம் வந்த பிறகுதான் குடிக்க வேண்டும். குடிக்காமல் திரும்பினால் மாப்பிள்ளைக்கு அந்த மாவட்டத்திலேயே பெண் கிடைக்காது.

"பொண்ணைத் தர்றேன்," என்றார் அபூ ஸைஃப். "கல்யாணத்துல ஒரு குண்டு வெடிக்கக் கூடாது. வாக்கு குடுத்துட்டுக் குடிங்க."

டாக்டர் முகம் மலர்ந்தது. "இதுக்குன்னே உறுதிமொழி வச்சிருக்கோம். ஆராய்ச்சி பண்ணி எழுதினது!"

"நீங்க எங்கே சுட்டீங்க, டாக்டர்? சுடறவரைக் கேக்கறேன்."

எல்லோரும் அபூ ராமியைப் பார்த்தோம்.

"மூத்த பையன் கல்யாணம். சத்தமில்லாம நடந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். என் வீட்டுக்காரிக்குத் தலை சீவிவிட இன்னொரு ஆள் வேணும். அதையும் சேர்த்துப் பேசட்டும்."

ராமி மெல்ல, "அப்பா, காப்பி ஆறுது," என்றான்.

"அண்ணே, சமூக அழுத்தம்னு ஒரு..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"வாயை மூடுடா. நீ ஒட்டின போஸ்டர் பசையே இன்னும் என் சுவத்தை விட்டுப் போகல."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்துத் தட்டில், கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "கல்யாணம் முடிஞ்சதும் வாங்கிக்கறேன்."

"பேரன் பொறந்தப்புறம் கேளுங்க. யோசிக்கலாம்," என்றார் அபூ ஸைஃப்.

டாக்டர் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

கல்யாணத்தன்று ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அபூ ஸைஃபின் மனைவி திறந்த மாடியில் பெண்களோடு உட்கார்ந்து, எழாத கையை மடியில் வைத்தபடி குலவையிட்டாள். குண்டுச் சத்தமில்லாத அந்த அமைதியை வீணாக்க மனமில்லாமல் டாக்டர் மைக்கைப் பிடித்தார். பிரச்சாரம் வென்ற கதையைச் சொல்லத் தொடங்கியவர், மேளக்காரர்கள் கொட்டாவி விட்ட பிறகும் நிறுத்தவில்லை.

அபூ ராமியின் கை பழக்கத்தில் இடுப்பைத் தடவியது. என் பக்கம் சாய்ந்தார்.

"ஏன்யா, வானத்தைச் சுட மாட்டேன்னுதானே வாக்கு குடுத்தேன்? மைக்கைச் சுட்டா தப்பா?"