அக்கா திரும்பி வரும் காட்சி

எழுத்தாளரம்மா படப்பிடிப்புக்கு வந்ததே சண்டை போடத்தான். அவருடைய விண்வெளி நாவலைப் படமாக்குகிறவர்கள் முடிவை மாற்றிவிட்டார்கள் என்று காதில் விழுந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு டாக்சி பிடித்தார்.

நாவலில் இரண்டு சகோதரிகள். அக்கா வேறொரு நட்சத்திரத்துக்குப் போகும் கப்பலில் ஏறுகிறாள். கப்பல் பறக்கிற வேகத்தில் அவளுக்கு ஒரு வருஷம் கழிந்தால் பூமியில் தங்கைக்கு ஓர் ஆயுசே கழிந்துவிடும். தங்கை காத்துக் காத்துக் கிழவியாகிறாள். கப்பல் வரவில்லை. அவ்வளவுதான் கதை. படத்திலோ, போன அதே இளமையோடு அக்கா வந்து கதவைத் தட்டுகிறாளாம்.

"தம்பி, வராதவளை யாரைக் கேட்டு வரவச்சீங்க?"

இயக்குநருக்கு அவர் மகன் வயசுதான் இருக்கும். "படம் முழுக்க அவளோட சேர்ந்து காத்திருந்த ஜனங்களை வெறுங்கையோட அனுப்ப மனசு வரலைம்மா."

"காத்திருந்தா வந்துடுவாங்களா? உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

அவருக்கும் ஓர் அக்கா இருந்தாள். கல்யாணப் பேச்சில் அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, "உங்க மூச்சு இருக்கிறவரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்" என்று ஒரே ஒரு பையோடு இறங்கிப் போனவள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அந்த வீட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிறகு அப்பா போனார், அம்மாவும் போனாள். சொல்லியனுப்ப அக்காவின் விலாசம் யாரிடமும் இல்லை. தேடித் தேடி அலுத்த பிறகுதான் இந்தத் தங்கை எழுத உட்கார்ந்தார். பூமியில் இல்லாதவளை வேறெங்கே அனுப்புவது?

தங்கையாக நடிப்பவளுக்கு முகத்தில் சுருக்கம் வரைந்து முடியவில்லை. அன்று எடுப்பது அந்தக் கதவு தட்டும் காட்சிதான்; வெளிச்சம் பார்க்க யாராவது கதவுக்கு உள்பக்கம் நிற்க வேண்டும்.

"அம்மாவே நிக்கட்டுமே. அதே உயரம்தான்" என்றார் ஒளிப்பதிவாளர்.

"சுருக்கமும் இலவசமா கிடைக்குதுன்னு பாக்குறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றார்.

கதவு தட்டப்பட்டது. திறந்தார். விண்வெளி உடுப்பில் அக்காவாக நடிக்கிற பெண் நின்றிருந்தாள். நெட்டை, அவருடைய அக்காவோ குட்டை. ஜாடை துளியும் இல்லை. ஒத்திகைதானே என்று அந்தப் பெண் தன் வசனத்தைச் சொன்னாள்:

"கதவைத் திறக்க இவ்வளவு நேரமாடி?"

அவரை 'டி' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் இப்போது ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் அவர் அம்மா, இல்லாவிட்டால் மேடம்.

"அப்பா இப்ப இல்லக்கா" என்றார். "நீ உள்ள வரலாம்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்ன தோன்றியதோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

இயக்குநர் அருகில் வந்தார். "நீங்க இப்ப சொன்னதை அப்படியே படத்துல வச்சுக்கலாமாம்மா?"

"அது எங்க வீட்டுப் பேச்சு" என்றார் வெடுக்கென்று. பிறகு, படம் எங்கெங்கெல்லாம் ஓடும் என்று விசாரித்தார். உலகம் பூராவும் என்றார் இயக்குநர். எழுத்தாளரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அப்ப வச்சுக்கோங்க. ஓர் எழுத்துகூட மாறக்கூடாது."

படம் வெளியானதும் தினமும் பகல் காட்சிக்குப் போனார். கடைசி வரிசையில் உட்காருவார். அந்த வசனம் வரும்போது திரையைப் பார்ப்பதில்லை, முன்னாலிருக்கும் தலைகளைத்தான் பார்ப்பார். ஒருநாள் நரைத்த தலை ஒன்று குனிந்து குலுங்கியது. விளக்குப் போட்டதும் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடி, அந்த அம்மாளின் தோளைத் தொட்டார்.

திரும்பியது வேறு முகம்.

"மன்னிச்சுக்கோங்க. எங்க அக்கான்னு நினைச்சேன்."

"நானும் ஒருத்திக்கு அக்காதான்" என்றாள் அந்த அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பேசி ரொம்ப வருஷமாச்சு. அவ நம்பர் இருக்கான்னுதான் இப்ப வீட்டுக்குப் போய்த் தேடணும்."

அவள் படியிறங்கி மறையும்வரை எழுத்தாளரம்மா பார்த்துக்கொண்டே நின்றார். எந்த வீட்டிலோ ஒரு தங்கைக்கு இன்று போன் அடிக்கப்போகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அடுத்த காட்சிக்கு வரிசை நகரத் தொடங்கியிருந்தது. போய் நின்றுகொண்டார்.