காயம் படாத இடம்

பட்டறையில் அவனை மரங்கொத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பதினான்கு வருடமாக அவன் பிழைப்பு, ஃபைபர் படகுகளை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்ப்பது. அடுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தால் 'டங்' என்று கேட்கும். நடுவில் காற்று மாட்டிக்கொண்டிருந்தால் 'டொப்' என்று செத்த சத்தம் வரும். செத்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிறகு ஃபார்மில் இரண்டு கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். 'தயாரிப்புக் குறை' என்றால் வாரண்டி உண்டு, கம்பெனியே சரிசெய்து கொடுக்கும். 'வெளி மோதல்' என்றால் படகுக்காரர் தலையெழுத்து.

அன்று காலை வந்த படகுக்கு வாரண்டி முடிய இரண்டே நாள் பாக்கி. ஓட்டி வந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அக்கரை ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் சிறுநீரக நோயாளிகளை ஏற்றிப் போய், டயாலிசிஸ் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. படகை இரும்புத் தாங்கிகளில் ஏற்றியதும் அடிவயிற்றிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அவள் ஒரு காலி ரெசின் பசை டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆபீஸ்ல ஃபேன் இருக்கு. அங்க போய் உக்காருங்க. முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன்."

"ஃபேன் காத்து வாங்கவா வந்தேன்? நீ படகப் பாரு தம்பி. நான் உன்னப் பாக்குறேன்."

மரங்கொத்தி குனிந்து அடியில் போனான். டங், டங், டங். நடுத்தண்டுக்கு இடப்பக்கம் வந்தபோது சத்தம் செத்தது. நாலாபக்கமும் தட்டிக் கோடு போட்டான். ஒரு சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிய வட்டம். அங்கிருந்து இரண்டு முழம் தள்ளி, படித்துறையில் உரசிய நீளமான கீறல் ஒன்று இருந்தது.

வட்டம் போட்டதும் ஏறி உள்ளே போனான். எந்தப் படகிலும் முன்பக்கப் பெட்டிக்குள், கடைசி அடுக்குக்கு அடியில், அடுக்குப் போட்ட ஆளின் நம்பரும் தேதியும் எழுதிய தாள் துண்டு ரெசினில் உறைந்து கிடக்கும். டார்ச் அடித்தான்.

பதினேழு.

பதினேழு அவன் தங்கச்சி புருஷன். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன். மூன்றாவது வந்தால் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

நம்பரை விடத் தேதி மோசம். அது தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்த நாள். டாக்டர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து ஃபோன் செய்து, "போட்டது போட்டபடி கிளம்பி வா மாப்ள" என்று கத்தியவன் மரங்கொத்திதான். மாப்பிள்ளை உருளையைப் பாதியில் வீசிவிட்டு ஓடி வந்தான். உருட்டாமல் விட்டால் அடுக்குக்கு நடுவில் காற்று தங்கும் என்று பட்டறையில் பெருக்குகிற ஆளுக்குக் கூடத் தெரியும். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மூன்றாம் நாள் மரங்கொத்தி வேலைக்கு வந்தபோது மாப்பிள்ளை அந்த வாரம் போட்ட மூன்று படகுகள் வெளியே போகக் காத்திருந்தன. லாரிக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. தட்டிப் பார்த்தாயிற்று, வெளியே அனுப்பலாம் என்கிற மூன்று ஃபார்மிலும் தூக்கமில்லாத கண்ணோடு கையெழுத்துப் போட்டான். நாணயத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இறங்கி வந்தான்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"ஒண்ணுமில்லக்கா. உள்ள புழுக்கம்."

அவன் கண் கீறலுக்குப் போனது. மறுபடி அடியில் நுழைந்தான். சாக்பீஸை எடுத்து வட்டத்தின் ஒரு ஓரத்தை இழுத்து நீட்டிக் கீறலோடு சேர்த்துவிட்டான். இப்போது பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே அடி.

"இதாங்க்கா விஷயம். எதுலயோ மோதியிருக்கீங்க."

"படித்துறையில உரசுனது நாலு மாசம் முன்னாடி. தண்ணி வர ஆரம்பிச்சது போன வாரம்."

"விரிசல் உள்ளுக்குள்ள மெதுவாத்தான் வளரும்." பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அவள் அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் டீ இடைவேளை மணி அடித்தது. மாப்பிள்ளை கையில் கிளாஸோடு வந்தான். படகின் நம்பர் தகட்டைப் பார்த்தான், தேதியைக் கணக்குப் போட்டான், கிளாஸைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். மரங்கொத்தி அவனை ரெசின் பீப்பாய்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"என்ன மச்சான் எழுதப் போறீங்க?"

"இன்னும் எழுதல."

"அதான் அளவெடுத்துப் போட்ட மாதிரி ஒரு கீறல் இருக்கே. அப்புறம் என்ன யோசனை?"

"மெதுவாப் பேசு. அந்தம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும்."

"கேக்கட்டும். நீங்கதான ஃபோன் பண்ணி வான்னீங்க? நானா ஓடுனேன்? சரி, என் தலைய வெட்டணும்னா வெட்டுங்க. ஆனா வெளிய போற ஃபார்ம்ல யாரு கையெழுத்து? நான் மட்டும் தனியாப் போக மாட்டேன் மச்சான். ரெண்டு பேருமா கைகோத்துக்கிட்டு உங்க தங்கச்சி முன்னாடி போய் நிப்போம்."

மரங்கொத்தி திட்டுவதற்கு ஒரு வார்த்தை தேடினான். எதை எடுத்தாலும் தனக்கும் பொருந்தியது.

அப்போது படகுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

டங். டங். டொப்.

இருவரும் திரும்பினார்கள். படகுக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடியில் குனிந்திருந்தாள். சுருக்குப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இங்க வா. நீ படிச்சவன், எனக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லு." கீறலின் மேல் தட்டினாள். டங். "காயம் பட்ட இடம் கோயில் மணியாட்டம் கேக்குது." நகர்ந்து வட்டத்துக்குள் தட்டினாள். டொப். "காயமே படாத இடம் செத்துக் கெடக்கு. நான் மோதுனது இங்க, வலிச்சது அங்கயா? படகுக்கு என்ன, பல் வலியா?"

மாப்பிள்ளை அவனைப் பார்த்தான். மரங்கொத்தி தரையைப் பார்த்தான்.

"போன வாரம் உள்ள அஞ்சு பேரு," என்றாள் அவள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நடு ஆத்துல கணுக்கால் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. ஒரு பெரியவர் காலத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டு, 'ஏம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா, இல்ல நேரா மேலயே அனுப்பிடுறியா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுல நீச்சல் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

சொட்டு ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

மரங்கொத்தி குனிந்து போய், நீட்டி விட்டிருந்த கோட்டை உள்ளங்கையால் அழித்தான். பழைய வட்டத்தை மறுபடி போட்டான். ஃபார்மை எடுத்து முட்டியில் வைத்து முதல் கட்டத்தில் டிக் அடித்தான். 'தயாரிப்புக் குறை.' அதற்குக் கீழே 'வெளிச்செல்லும் முன் செய்த சோதனை' என்று ஒரு வரி இருக்கும். யாரும் அதை நிரப்புவதில்லை. அதில் 'செய்யவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

நகலைக் கிழித்து அவளிடம் நீட்டினான். மேனேஜர் கைக்குப் போவதற்கு முன் அது வெளியே இருக்க வேண்டும். தன்னை அவன் அவ்வளவாக நம்பவில்லை.

மாப்பிள்ளை டீயைத் தரையில் ஊற்றினான். "நல்லா இருங்க மச்சான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். அந்த வாழ்த்துக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

படகுக்காரி தாளைத் தூரத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது என்ன, செய்யவில்லைன்னு?"

"படகு வெளிய போறதுக்கு முன்னாடி நான் தட்டிப் பாத்திருக்கணும். பாக்கல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல வசவு வரும் என்று அவன் காத்திருந்தான். வந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அவள் அந்த நிம்மதியைத் தரவில்லை.

"என் படகு மட்டும்தானா?"

காலையிலிருந்து அவனுக்கு வேலை போகுமா, தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பது என்றே புத்தி சுற்றிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வி அதன் பக்கத்தில் கூட வரவில்லை.

"மூணு."

"மத்த ரெண்டு?"

"புத்தகத்துல இருக்கும். மேனேஜர் ரூம்ல."

"இப்போ ஆத்துல ஓடிக்கிட்டு இருக்குமா?"

சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. "ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

"அப்புறம் இங்க நின்னு என் மூஞ்சில என்ன தேடுற? போடா!"

இரும்புப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். மேனேஜர் நிமிர்ந்து, "என்னய்யா, மோதல்தானே?" என்றார். மரங்கொத்தி ஃபார்மை மேசையில் வைத்து, அலமாரியைத் திறந்து, விற்பனைப் புத்தகத்தில் மூன்று படகும் வெளியே போன தேதியைத் தேடி எடுத்தான். மேனேஜர் ஃபார்மைப் படித்தார். அவர் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. மரங்கொத்தி அதற்குள் ஃபோனை எடுத்து முதல் எண்ணைப் போட்டிருந்தான்.

எடுத்த ஆளின் குரலுக்குப் பின்னால் எஞ்சின் இரைந்தது. "யாரு? நடு ஆத்துல இருக்கேன், சட்டுனு சொல்லு."

"அண்ணே, படகுக் கம்பெனியிலேருந்து. முதல்ல கரைக்குத் திருப்புங்க. எறங்குனப்புறம் என்ன எவ்வளவு வேணா திட்டுங்க."

"வைய்யா ஃபோன," என்று மேனேஜர் கத்தினார்.

மரங்கொத்தி வைத்தான். உடனே எடுத்து இரண்டாவது எண்ணைப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.