ஒல்லி போனும் இரண்டாவது படமும்

இப்போதெல்லாம் ஒரு சாமானை வாங்கும்போது அது உழைக்குமா என்று எவனும் கேட்பதில்லை. அடுத்தவன் பார்ப்பானா என்றுதான் கேட்கிறான். செருப்பிலிருந்து செல்போன் வரைக்கும் இதே பிழைப்புதான். நான் நாலாவது வரைக்கும் படித்தவன். போன் கம்பெனிக்காரன் சொல்வதையும் நம்பமாட்டேன், அதை வாங்கி வைத்துக்கொண்டு இளிக்கிறவன் சொல்வதையும் நம்பமாட்டேன். போன வைகாசியில் எங்கள் ஏரியில் நடந்ததைச் சொல்கிறேன். அப்புறம் உங்கள் இஷ்டம்.

செஞ்சியிலிருந்து தொண்டூர் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர் ஏரி. சுற்றிலும் பாறை. பத்து மணிக்கே கல் கொதிக்கும். அங்கே நூறு நாள் வேலையில் முப்பத்தெட்டு பேர் மண் வெட்டிக்கொண்டிருந்தோம். ரஞ்சனிதான் பொறுப்பாளர். காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து அவள் போனில் ஒரு படம் எடுத்து அரசாங்க ஆப்பில் ஏற்ற வேண்டும். நாலு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இரண்டும் ஏறினால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாக அர்த்தம். ஒன்று குறைந்தாலும் கூலி கிடையாது.

ரஞ்சனியிடம் முன்பு தடியாக ஒரு போன் இருந்தது. மூலை உடைந்து ரப்பர் பேண்ட் மாட்டியிருப்பாள். அது மழையிலும் வெயிலிலும் இரண்டு வருஷம் உழைத்தது. அவள் புருஷன் பிரசாந்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை. கல்யாண நாளுக்கு என்று மாதத் தவணையில் புதுசு வாங்கிக் கொடுத்தான். பழசைக் கடையிலேயே தள்ளிவிட்டான்.

அவள் அதை ஏரிக்குக் கொண்டுவந்த முதல் நாள் காலையில் புதுப் போனை எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"அய்ய, இன்னாடி இது, அப்பளமாட்டம் இருக்குது!" என்றாள் பவுனம்மாள். அவள் எனக்குத் தங்கச்சி. புருஷன் இல்லாதவள், தனியாகப் பொங்கித் தின்கிறவள். "பொரிச்சி எடுத்தா சோத்துக்கு ஆவும்போல."

"லட்ச ரூபா அப்பளம் அத்தே, கடிச்சிடாத" என்று சிரித்தாள் ரஞ்சனி.

நான் வாங்கிப் பார்த்தேன். கையில் இருப்பதே தெரியவில்லை. "இவ்ளோ மெலிசுல பேட்டரிய எங்கம்மா வச்சான்?"

"அதெல்லாம் கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா பெரியப்பா? உனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்தான்."

முதல் படம் எடுத்தாள். மலை மறைப்பதால் ஏரிக்குள் சிக்னல் சரியாக வராது. படம் ஏறுவதற்குள் அரை மணி ஆனது. போன் சுட்டது. சார்ஜும் மளமளவென்று இறங்கியது.

உச்சி நேரத்தில் பவுனம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "அண்ணே, தலய சுத்துது. வூட்டுக்குப் போறேன்."

"இன்னும் ஒரு மணி நேரந்தான். படம் புடிச்சிட்டுப் போயேன். இல்லேன்னா நாள் போச்சு" என்றேன். சொன்னது நான்தான். அதை மறைக்கமாட்டேன்.

ஒரு மணிக்கு வரிசையில் நின்றோம். படத்தில் வெட்டின குழியும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும். அதனால் நிழலில் நிற்க முடியாது. ரஞ்சனி போனைத் தூக்கினாள். சூடாக இருக்கிறது, ஆற விடு என்று எழுத்துக் காட்டிவிட்டு அது அணைந்துபோனது. முந்தானையால் விசிறினாள். மரத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். கண் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

எங்களோடு மண் வெட்டுகிற வீரமணி தன் போனை நீட்டினான். "இந்தா, என்னுதுல புடி."

"ஆப்புக்குள்ள போவணும்னா என் நம்பருக்கு ஓடிபி வரும்ணா."

"அப்ப சிம்மக் கழட்டி இதுல போடு."

"இதுல சிம் போடற எடமே இல்ல. ஒல்லியா இருக்கணும்னு எடுத்துட்டாங்களாம். உள்ளயே பதிஞ்சிருக்குது."

வீரமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "பேட்டரியும் இல்ல, சிம்மும் இல்ல. பின்ன இன்னாத்துக்கு லட்ச ரூபா குடுத்தீங்க? இல்லாததுக்கா?"

ரஞ்சனி மறுபடியும் மரத்தடிக்கு ஓடிப் போனைப் பார்த்தாள்.

"கலையாதீங்க, இப்ப வந்துடும், இப்ப வந்துடும்" என்று ரஞ்சனி கெஞ்சிக்கொண்டே இருந்தாள். இரண்டரை ஆனது. வரிசையில் நின்ற பவுனம்மாள் உட்கார்ந்தாள். அப்புறம் சாய்ந்தாள். அசந்து படுக்கிறாள் என்று நினைத்தோம். தொட்டுப் பார்த்தால் உடம்பு நெருப்பு, ஒரு பொட்டு வியர்வை இல்லை. வீரமணிதான் தன் போனில் 108ஐக் கூப்பிட்டான்.

வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகு அந்தப் போன் உயிர் பிடித்தது. படம் எடுக்க அங்கே வரிசை இல்லை.

மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் பவுனம்மாள் செத்துப்போனாள். வெயில் தாக்கியது என்றார் டாக்டர். இரண்டாவது படம் ஏறாத அந்த நாளுக்கு முப்பத்தெட்டு பேருக்கும் ஆப்சென்ட். அவள் சாகிற அளவுக்கு வேலை செய்த நாளில், அவள் வேலைக்கே வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது.

காரியத்தன்று ரஞ்சனியும் பிரசாந்தும் வந்தார்கள். ரஞ்சனி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பாக்க அழகா இருக்குதான்னு பாத்தேன் பெரியப்பா. நம்ம வெயிலத் தாங்குமா, நாள் முழுக்க நிக்குமான்னு கேக்கல. பவிசுக்கு வாங்குன பொருள்கிட்ட முப்பத்தெட்டு பேரு பொழப்பக் குடுத்தேன். யாரும் இப்படிப் பண்ணாதீங்க. ஒரு பொருள வாங்கறதுக்கு முன்ன, அது எந்த வேலைக்கு, அதுல இன்னா கொறைச்சிருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க."

பிரசாந்துக்கு அது பிடிக்கவில்லை. "போன் நல்ல போன்தான் மாமா. பின்னால ஒட்டற பேட்டரி ஒண்ணு வாங்கிட்டேன், பாரு." ஒட்டிக் காட்டினான். விற்றுவிட்டு வந்த பழைய போனை விடத் தடியாக இருந்தது.

"ஒல்லியாக்க ஒரு காசு, தடியாக்க ஒரு காசு" என்றேன். "போறேன்னவள நிக்க வச்சேனே, அத எந்த பேட்டரி சரி பண்ணும்?"

"அடுத்த வருஷம் வர்ற மாடல்ல இந்தப் பிரச்சினையே இருக்காது மாமா. நெட்ல போட்டிருக்கான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். பின்னால் அவன் இன்னும் ஏதேதோ நம்பர் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த மாடலுக்கும் இப்படித்தான் போட்டிருப்பான். நான் நம்பவில்லை. நடந்துவிட்டேன்.