சவுக்கார ஆட்டம்

செபநாயகம் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு விசயத்தைச் சொன்னார். இறங்காமல் சொன்னால் பாதிக் குற்றம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ.

"கிறகோரி, சாமானைத் தாரும், வழமைபோலை அகதி முகாமிலை கொண்டுபோய்க் குடுக்கிறன். ஆனா இந்த வருசம் ஆட்டம் வேண்டாம். சனம் கதைக்குது."

"சனம் எப்ப அண்ணை கதைக்காமல் இருந்தது?"

"பகிடியை விடும். அங்கை ஆர் ஆர் வருகினம், என்னத்துக்கு வருகினம் எண்டு தெரிஞ்சால் என்ரை பேரும் சேர்ந்து நாறும். ஆட்டம் நடந்தால் நான் அந்தச் சாமானைத் தொடமாட்டன்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கெட்ட மனுசர் என்று சொல்லிவிட முடியாது. கோயில் பங்கின் உதவிக் குழுவில் இருப்பவர். மூன்று வருடமாகக் குளிக்கிற சவுக்காரக் கட்டிகளைக் கொண்டுபோய், 'ஒரு நலன்விரும்பி தந்தது' என்று சொல்லிக் கொடுத்தவர். பயம் வந்தால் நல்ல மனுசருக்கும் கால் பின்னுக்குத்தான் போகும்.

கிறகோரி தையல் மெசினில் கையை வைத்தபடி அப்படியே இருந்தான். அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் பெர்னடெட்டின் நினைவு வந்தது.

அவன் குருநகர்க்காரன். கூத்தில் ராணி வேசம் கட்டி அவன் மேடையேறினால் பின்வரிசைக் கிழவர்கள்கூட எழும்பி நிற்பார்கள். தங்கச்சி பெர்னடெட்தான் தன்னுடைய சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, பவுடர் பூசி அனுப்பிவைப்பாள். மேடையில் சேலை கட்டியவனுக்கு ஊரே கைதட்டியது. அதே ஆள் ஒருநாள், "எனக்குக் கலியாணம் பேச வேண்டாம், எனக்கு மார்க்கண்டு இருக்கிறான்" என்று வீட்டில் சொன்னான். கைதட்டிய ஊர் கதவைச் சாத்தியது. முதலில் சாத்தியவள் பெர்னடெட். அதற்குப் பிறகு எட்டு வருடம் அவள் அவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

இப்போது அவள் நல்லூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தாள். குருநகர்க் கரையில் பீரங்கிச் செல் விழத் தொடங்கிய வருடம் வெளிக்கிட்டவள். புருசன் கடலோடு போய்விட்டான், பிள்ளைகள் மூன்று. அந்த முகாமில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் சொறி. ராவெல்லாம் சொறிந்து, விடியும்போது விரலிடுக்கில் சிரங்காகி நிற்கும். வேப்பிலை அவித்துக் குளிப்பாட்டலாம். ஆனால் சவுக்காரம் இல்லாமல் அது மாறாது. அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குள் விடாதே என்று தடுத்த சாமான்களின் பட்டியலில் சவுக்காரமும் இருந்தது. ஊர்ச்சனம் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது. கள்ளமாக வரும் ஒரு கட்டியின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும்.

ஆட்டத்தை விட்டால் சவுக்காரம் முகாமுக்குப் போகும், தங்கச்சியின் பிள்ளைகளுக்கும் போகும். ஆட்டம் நடந்தால் தானே கொண்டுபோக வேண்டும். அவன் கையால் கொடுத்தால் அவள் வாங்குவாளா?

மார்க்கண்டு பக்கத்திலேயே சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். தென்மராட்சிக் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கொழும்புத்துறையில் சைக்கிள் திருத்தும் கடை அவனுடையது, அதன் ஒரு மூலையில்தான் கிறகோரியின் மெசின். அவன் அதிகம் கதைக்க மாட்டான்.

"நீ சொல்லு," என்றான் கிறகோரி.

"நான் என்னத்தைச் சொல்ல? உன்ரை தங்கச்சி."

"ஆட்டத்தை விட்டுட்டால் அடுத்த வருசம் வேறை ஒண்டை விடச் சொல்லுவினம். உன்னையும் விடச் சொல்லுவினம். ஆட்டம் நடக்கும். சவுக்காரமும் போகும். நானே கொண்டுபோறன்."

மார்க்கண்டு ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். "அப்ப நானும் வாறன்," என்றான்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு காலைதான் ஆட்டம். கடைக்குப் பின்னால் வலை வைக்கிற பழைய கொட்டில் ஒன்று இருந்தது, அதற்குள்தான். வருகிறவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்று அந்தக் காலத்தில் அவர்களுக்கே தெரியாது. 'எங்கடை ஆக்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஆணை விரும்பிய ஆண்கள், உள்ளுக்குள் பெண்ணாக இருந்தவர்கள், உடுப்பிட்டியில் ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு ரீச்சர்மார் என்று எல்லாமாகப் பதினாறு பதினேழு பேர். வருடத்தில் மற்ற நாளெல்லாம் யாருக்கோ மகனாகவோ மச்சாளாகவோ இருந்துவிட்டு, அந்த ஒரு காலை மட்டும் தாங்களாக இருப்பார்கள். வாசலில் ஒரு சவுக்காரம் வைத்தால்தான் உள்ளே விடுவது. மாதக்கணக்காக மிச்சம் பிடித்து, பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துக் கொண்டுவருவார்கள்.

ஒவ்வொரு வருடமும் ஒரு பொருள் குறிக்கப்படும், அதற்கேற்ற வேசத்தில்தான் வரவேண்டும். ஒரு வருடம் ராணிமார் மட்டும், ராசா வந்தால் திருப்பி அனுப்பப்படுவார். ஒரு வருடம் கலியாண வீடு, அன்று ஏழு மணப்பெண்கள், ஒரு மாப்பிள்ளை. இந்த வருடத்துக்கு கிறகோரி குறித்தது தடைப் பட்டியல். வரவிடாமல் தடுத்த சாமான் எல்லாம் ஆட்டத்துக்கு வரவேண்டும்.

வந்தன. உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு ஒருவர் சீமெந்தாக வந்தார். சிவப்புக் காகிதம் சுற்றி, தலையில் பால்மா ரின் மூடியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் ரேடியோவுக்குப் போடுகிற பற்றறியாக வந்தார். உடுப்பிட்டி ரீச்சர்மாரில் ஒருவர் மெழுகுதிரி, மற்றவர் தீப்பெட்டி. அவர்கள் இருவரும் உள்ளே வந்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிறகோரி மஞ்சளில் தோய்த்த சேலை கட்டி, கன்னத்துக்கும் உதட்டுக்கும் சாயம் பூசி, சவுக்காரமாக நின்றான்.

கரண்ட் இல்லாத ஊரில் பாட்டுக்கு மார்க்கண்டுதான் பொறுப்பு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து கசெற் பெட்டிக்குக் கொடுத்திருந்தான். அவனுடைய கை களைத்தால் பாட்டும் களைக்கும். இழுபட்டு இழுபட்டு, பாடகி மெல்ல மெல்ல ஆண்குரலுக்கு வந்துவிடுவாள். அந்த இடத்தில் கொட்டிலே அதிரும்.

"பாருங்கோ, உவவும் எங்கடை ஆள்தான்!" என்று சீமெந்து கத்தும்.

பதினொரு மணிக்குப் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது. எல்லோரும் வேசத்தோடேயே பங்கர்க் குழிக்குள் இறங்கினார்கள். மெழுகுதிரியின் மடியில் பற்றறி கிடந்தது. குண்டு வேறெங்கோ தூரத்தில் விழுந்தது. சத்தம் அடங்கிய பிறகு கிறகோரி முதலில் வெளியே வந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "விட்ட இடத்திலிருந்து போடு," என்றான். மார்க்கண்டு போட்டான். பங்கருக்குப் போன அரை மணித்தியாலத்தையும் சேர்த்துத்தான் ஆடினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கிறகோரி தையல் நூலால் ஒவ்வொரு கட்டியையும் இரண்டாக அறுத்தான், குடும்பத்துக்குப் பாதி. சேலையைக் களைந்து சாரமும் சேட்டும் போட்டான். முகத்தைக் கழுவவில்லை. எதற்காகக் கழுவவில்லை என்று மார்க்கண்டு கேட்கவும் இல்லை. இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் வெளிக்கிட்டார்கள்.

முகாமைப் பார்த்துக்கொண்டவர் பாலேஸ்வரி. கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், இரண்டு வார்த்தையில் காரியத்தை முடிக்கிற மனுசி. கிறகோரியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார்.

"சவுக்காரமோ?"

"ஓம் அக்கா. நாங்கள்தான் வருசா வருசம் சேர்க்கிறனாங்கள். இந்த முறை நாங்களே கொண்டு வந்தனாங்கள்."

"அப்ப வந்து மேசையிலை வையுங்கோ. நீங்களே குடுங்கோ," என்றார்.

மார்க்கண்டு உள்ளே வரவில்லை. வாசல் கேற்றடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வரிசை நகர்ந்தது. சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், ஒருவர் காறித் துப்பினார். ஆனாலும் சவுக்காரத்தை வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. பன்னிரண்டாவதாக பெர்னடெட் வந்தாள், மூத்த பெட்டையைப் பிடித்தபடி. தலையை நிமிர்த்தினாள், தமையனைக் கண்டாள். அவளுடைய முகம் கல்லாய்ப் போனது. பெட்டையை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

பாலேஸ்வரி குனிந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, அவவின்ரையை என்னட்டைத் தாரும். கோயிலாலை வந்ததெண்டு சொல்லிக் குடுக்கிறன்."

கொடுத்துவிட்டுப் போவது எவ்வளவு சுகம் என்று கிறகோரிக்குத் தெரியும். மூன்று வருடமும் அதைத்தானே செய்தான்.

"வேண்டாம் அக்கா. நானே குடுக்கிறன்."

கடைசி ஆளுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பாதிக் கட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். பெர்னடெட் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"செபநாயகம் அண்ணை எங்கை? அவர்தானே தாறவர்."

"அவர் கொண்டு வாறவர். தாறது நாங்கள்."

"போன வருசமும்?"

"போன வருசமும். அதுக்கு முந்தின வருசமும்."

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"ஆரெண்டு தெரியாமல், ஒவ்வொரு நாளும் செபமாலையிலை அந்த மனுசருக்காக வேண்டினனான். பிள்ளையளையும் வேண்டச் சொன்னனான். என்னை இப்பிடி ஏமாத்திப் போட்டாயே!"

"ஏமாத்தினதுதான். அதுதான் இந்த முறை நேரை வந்தனான்."

"முகத்தைக் கழுவு. கழுவிப் போட்டுப் பிள்ளைக்குக் கிட்ட வா."

அவன் தலையாட்டினான், மாட்டேன் என்று.

"கழுவமாட்டன் பெர்னடெட். உன்ரை அண்ணை இவன்தான். என்னை வேண்டாமெண்டால் பரவாயில்லை, சவுக்காரத்தை வைச்சிட்டுப் போறன். அது பிள்ளையளுக்கு."

துவைக்கிற கல்லில் சவுக்காரத்தை வைத்துவிட்டுத் திரும்பினான். நாலடி போயிருப்பான். வரிசையில் நின்று போன சனமெல்லாம் இன்னும் முற்றத்தில்தான் நின்றது, எல்லோருடைய கண்ணும் கிணற்றடியில்தான் இருந்தது. அது பெர்னடெட்டுக்கும் தெரியும்.

"அண்ணை!"

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, சிரங்கு வெடித்துப் புண்ணாகிக் கிடந்தது.

"எனக்குக் கை ஏலாது. நீ வந்து பெட்டைக்குத் தேய், தலைக்கும் போடு," என்றாள். பிறகு கேற்றடிப் பக்கம் பார்த்து, முற்றத்துச் சனம் முழுக்கக் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்: "அங்கை ஏன் அந்த மனுசனை வெயிலிலை விட்டிருக்கிறாய்? வந்து தண்ணி அள்ளச் சொல்லு."