வெடிக்காத குண்டு

மர ஆலையில் கட்டை உருண்டு வலது தோள் முறிந்ததிலிருந்து ஆரினுக்கு வேலை இல்லை. அமெரிக்காவின் மொன்டானாவில் பனி இறங்க இன்னும் மூன்றே வாரம். அவன் கையில் இருந்தது ஓர் எல்க் மானை மட்டும் வேட்டையாட அனுமதிச் சீட்டு. அந்த ஒரு மான் விழுந்தால்தான் மனைவி லீடாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் குளிர்காலக் கறி.

சுடும்போது பழைய துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதையைத் தோள் தாங்காது. அதைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்க வெர்னாவின் துப்பாக்கிக் கடைக்கு வந்திருந்தான். கூடவே லீடாவின் அண்ணன் ஹாஸ்கல். வாயை வீட்டில் விட்டுவிட்டு வரத் தெரியாத ஆள்.

ஒவ்வொரு முறையும் லீவரை இழுத்துக் குண்டேற்றும் இரண்டு துப்பாக்கிகளை வெர்னா எடுத்து வைத்தாள்.

"இது முப்பது-முப்பது, சின்னக் குண்டு. உதை கம்மி. நூத்தம்பது கஜத்துக்குள்ள போய்ச் சுடு, மான் விழும். அது நாப்பத்தஞ்சு-எழுபது, பெரிய குண்டு. கரடியையே சாய்க்கும், உன்னையும் சாய்க்கும்."

"முப்பது-முப்பது என் பொண்ணு வச்சிருக்கா," என்றான் ஹாஸ்கல். "ரெண்டு பேரும் ஜோடியா போங்க மாப்ள."

ஆரின் பெரியதைக் கையில் எடுத்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதெல்லாம் மச்சான் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கு நினைவு வருகிறது?

சுட்டுப் பார்க்கக் கடையின் பின்புறம் வெர்னாவே குண்டுகளைப் போட்டுக் கொடுத்தாள். முதல் குண்டு வெடித்ததும் தோளில் தீப்பிடித்தது. லீவரை இழுத்து மறுபடி சுட்டான். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. வெர்னா அவனுக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத குண்டு ஒன்றை நடுவில் செருகியிருந்தாள். உதையே இல்லாமல் குழல் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. அவன் கண்கள் இறுக மூடியிருந்தன.

"வலிக்கு முன்னாடியே பயப்படுற, ஆரின். இப்படிச் சுட்டா வயித்துலதான் படும். சின்னதை எடு."

ஹாஸ்கல் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே ஆரின் பெரியதை வாங்கினான்.

பத்தாம் நாள், ஹாஸ்கலோடு போன வேட்டையில், எண்பது கஜத்தில் மான் பக்கவாட்டில் நின்றது. முப்பது-முப்பதே போதுமான தூரம். ஆரின் சுட்டான். மான் முதுகை வளைத்துக்கொண்டு காட்டுக்குள் போனது. தரையில் ரத்தம் கொஞ்சம், பச்சையாகச் சாணம் கொஞ்சம். வயிறு. இருட்டும்வரை இருவரும் தடம் பார்த்துத் தேடினார்கள்.

மறுநாள் மதியம்தான் கண்டுபிடித்தார்கள். ஓடையோரம் படுத்திருந்தது, உயிரோடு. வயிறு உப்பி நாறியது. அந்தக் கறியை நாய்க்குக்கூடப் போட முடியாது.

பத்தடி தூரத்தில் நின்று ஆரின் குறி வைத்தான். மான் அவனையே பார்த்தது. விசையை அழுத்தினான். டிக். குண்டை உள்ளே தள்ள லீவரை இழுக்க மறந்திருந்தான். குழல் அதே நாலு விரல் தலை குனிந்தது, ஹாஸ்கலின் கண்ணெதிரே.

ஹாஸ்கல் இந்த முறை சிரிக்கவில்லை. மெல்ல வந்து தன் துப்பாக்கியால் முடித்துவைத்தான்.

"சீட்டுல வெட்டாத மாப்ள. யாரும் பாக்கல. நாளைக்கு வேற மான் பாப்போம். பிள்ளைங்க இருக்கு."

ஆரின் கத்தியை எடுத்தான். கொன்ற மானுக்கு அன்றே சீட்டில் தேதியை வெட்டிக் குறிக்க வேண்டும், தின்ன முடிந்தாலும் முடியாவிட்டாலும்; வெட்டினால் வேறு மான் சுட முடியாது. வெட்டினான்.

"நான் பாத்தேன் மச்சான்," என்றான். "மான் கண்ணைத் திறந்துகிட்டுதான் இருந்துச்சு. நான்தான் மூடிக்கிட்டேன்."