வளைவுக்குப் போன மலை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரேயொரு மலைநகரம் எங்கள் கொக்குமலை. பனையளவு உயரமுள்ளதை மலை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள், குடாநாட்டில் அதைவிட உயரமாக ஒன்றைக் காட்டிவிட்டுக் கேட்கட்டும். அது மணலால் ஆனது என்பதும் குற்றமல்ல. மற்ற ஊர் மலைகள் கல்லால் ஆனவை. அது அவற்றின் விருப்பம்.

இந்த உண்மையை அரசாங்கமும் ஏற்கவேண்டும் என்று சபை அமைத்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் பரமலிங்கம். போர்த்துக்கேயரின் கப்பலை மலையுச்சியில் நின்று முதலில் கண்டவன் எங்கள் ஊரவன்தான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குவார். கண்டவன் பிறகு என்ன செய்தான் என்று ஒருமுறை கேட்டேன்.

"இறங்கி வந்தவன். வேறென்ன செய்யிறது?" என்றார்.

பத்மாசினி அக்காவுக்குப் போர்த்துக்கேயரைப் பற்றிக் கவலையில்லை. மலையடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த அவருடைய கிணறுதான் ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, மலைக்கடியில் தங்கி, கடலை எட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தது. மணல் போனால் கடல் உள்ளே வரும். பக்கத்து ஊர் முள்ளிக்கரையில் அப்படித்தான் நடந்தது. அங்கேயும் ஒரு மணல்மலை இருந்தது. டிரக்டரில் ஏறிப் போய்விட்டது. இப்போது அங்கே கிணறெல்லாம் உவர். குடிக்க, லொறித் தாங்கியில் வரும் பவுசர் தண்ணீர்.

"அங்கீகாரம் கிடைச்சால் ஒருத்தரும் மண்ணிலை கைவைக்கேலாதுதானே, அண்ணை?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு சிரட்டை அள்ளினாலும் பிடிச்சு மறியலிலை போடுவாங்கள், தங்கச்சி. முள்ளிக்கரையாரைப் பார். மலையை வித்துத் திண்டுபோட்டுத் தண்ணிக் கானோடை பவுசருக்குப் பின்னாலை ஓடுறாங்கள். வெக்கங்கெட்ட சனம்! நாக்கு வறண்டு செத்தாலும் நான் உந்த வரிசையிலை போய் நிக்கமாட்டன்."

இதை அவர் அக்காவின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

அங்கீகாரம் கிடைத்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து கல்வெட்டைத் திறந்து வைப்பார் என்று செய்தி வந்தது. பெரியவர் வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் வளைவு வேண்டும். வாழைமரம் கட்டிய வளைவல்ல, சீமெந்து வளைவு. இரண்டு பக்கமும் யானை, உச்சியில் கொக்கு, அதற்கு மேலே கட்டித் தந்தவரின் பெயர். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க் கனகரத்தினம் தான் கட்டித் தருவதாகச் சொன்னார். ஆனால் வளைவு வரவேண்டிய சந்தி பள்ளம். மாரியில் வெள்ளம் நிற்கும். வளைவுக்கு நிலத்தை உயர்த்த வேண்டும், மேடைக்கு உயர்த்த வேண்டும், வாகனங்கள் நிற்கத் தரவை வெளியை நிரவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மண் வேண்டும்.

ஊரில் மண் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

டிரக்டர்கள் மலையடிக்கு வந்தபோது பத்மாசினி அக்கா கையிலிருந்த தேத்தண்ணிக் கேத்திலோடு ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"ஆரடா உங்களை அள்ளச் சொன்னது?"

டிரக்டர்காரன் சிவதர்ஷன் பரமலிங்கத்தைப் பார்த்தான்.

"இது களவில்லைத் தங்கச்சி, அனுமதி எடுத்திருக்கு. முள்ளிக்கரையார் வித்தவங்கள். நாங்கள் விக்கேல்லையே! மலையின்ரை மண் மலையின்ரை மரியாதைக்குத்தானே போகுது?"

"ஆளை வெட்டிப்போட்டு ஆளுக்கு மாலை போடுற கதையெல்லோ இது! நீங்கள் வித்தனீங்களோ சும்மா குடுத்தனீங்களோ எண்டு கடலுக்குத் தெரியுமே?"

"அபசகுனமாய்க் கதையாதை. கொஞ்ச மண்தான்."

கொஞ்சம் அன்று முழுக்கப் போனது. மறுநாளும் போனது. அந்தக் கிழமையே போனது. சபைக் கூட்டத்தில் நான் எழும்பி, மலை முடிந்த பிறகு அங்கீகாரத்தை எதில் கொழுவுவது என்று கேட்டேன். பகிடி விடாமல் இரு என்று இருத்திவிட்டார்கள். வளைவு வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது அக்காவையும் என்னையும் தவிர எல்லாக் கையும் எழும்பியது. அவ்வளவும் அந்தக் கிணற்றில் வாளி விட்ட கைகள். காலையில் அள்ளிக் குடித்துவிட்டு, பின்னேரம் வந்து தூக்கினார்கள்.

பெரியவர் வளைவுக்குள்ளால் வந்து இறங்கி, "மலை எங்கே?" என்று கேட்டார். பரமலிங்கம் கையைக் காட்டினார். பெரியவர் அந்தத் திசையைப் பார்த்தார். கடல் தெரிந்தது.

"அருமையான காட்சி," என்றார்.

உண்மைதான். முன்பெல்லாம் அந்த இடத்திலிருந்து கடல் தெரியாது.

கல்வெட்டில் 'வரலாற்றுச் சிறப்புமிக்க மலைநகரம்' என்றும், அதன் கீழே 'இங்கு மண் அகழ்வது தண்டனைக்குரிய குற்றம்' என்றும் பொறித்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த கோடையில் கடைக்கு வந்த ஒருவர் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன பிள்ளை, சீனியெண்டு உப்பைப் போட்டிட்டியோ?"

"நான் போடேல்லை அண்ணை. ஊர் போட்டது," என்றார் அக்கா.

அந்த மாதமே கடையைப் பூட்டினார். இப்போது உடுப்பிட்டியில் யாரோ ஒருவருடைய கடையில் கோப்பை கழுவுகிறார். எங்கள் ஊருக்கும் பவுசர் வருகிறது. சந்தியில் வேறு நிழல் இல்லாததால் வளைவுக்குக் கீழேதான் நிற்பாட்டுவார்கள். யானையிலிருந்து யானை வரை வரிசை நீளும்.

முதலில் பரமலிங்கம் வரவில்லை. மருமகளை அனுப்பினார். பிறகு மருமகளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நேற்று மத்தியானம், முள்ளிக்கரையில் ஊற்றிவிட்டுப் பவுசர் எங்கள் சந்திக்கு வந்தபோது, அவர் உரப்பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால், லீவில் வந்திருந்த பத்மாசினி அக்கா நின்றார். திரும்பிப் பார்த்தார்.

வரிசை நகர்ந்தது. பரமலிங்கம் கல்வெட்டுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, உரப்பையிலிருந்து கானை எடுத்து, மூடியைக் கழற்றினார்.