சரிபார்த்தவர்: மில்டன்

புதிய பாதுகாப்புச் சோதனையைச் சேர்த்ததிலிருந்து, மூன்று நாளாகச் சோதனை இயந்திரத்தை எத்தனை முறை தொடங்கினாலும் அதே எச்சரிக்கை: பாதுகாப்பற்ற பக்கம் ஒன்று உள்ளது.

கணினி நினைவகத்தின் ஒரு பக்கத்தில் எழுத விடலாம், இல்லையென்றால் அதில் இருப்பதை இயக்க விடலாம். இரண்டையும் சேர்த்து விடக் கூடாது. மருந்துச் சீட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கிறுக்க, நர்ஸ் அதைப் பார்த்து அப்படியே ஊசி போட்டால் எப்படி இருக்கும்? நாங்கள் எழுதும் கர்னல் என்கிற அடிப்படை மென்பொருள் ஓடுவதும் ஆஸ்பத்திரிகளில் சொட்டு மருந்து ஏற்றும் கருவிகளில்தான்.

எங்கள் குழுவின் தலைவி கிரிசெல்டா வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மாத்தே என்கிற எங்கள் ஊர் இலைத் தேநீரை நீட்டினாள்.

"மில்டன் எழுதின இடம்தானே, ஒமார்? அவன் பேரைப் போட்டு ரிப்போர்ட்டை முடி. ஆஸ்பத்திரிக்காரங்க அஞ்சு மணிக்குக் கேட்டிருக்காங்க."

"அவன் இப்படி விட மாட்டான்."

"நீ என்ன அவனுக்கு வக்கீலா? செத்தவன் வந்து சண்டையா போடப் போறான்?"

மார்ச்சில் மாரடைப்பில் போனான் மில்டன். அவனுடைய மாத்தேக் குடுவை ஜன்னலோரம் காய்ந்து கிடக்கிறது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் படிப்பது போலவே எனக்கு இருந்தது. பயந்தேன், சொல்வதற்கென்ன.

அவன் பெயரைக் காப்பாற்றத்தான் தேடினேன். எச்சரிக்கை வராத பழைய பதிப்பு ஒன்று, வரும் பதிப்பு ஒன்று, இடையில் உள்ளதைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனேன். பதினோராவது முறை ஒரே ஒரு மாற்றம் மிஞ்சியது. இரண்டு வருடத்துக்கு முந்தையது. எழுதியவர்: ஒமார்.

அதன் கீழே, 'சரிபார்த்தவர்: மில்டன்'.

வேறொருவர் படித்துப் பார்த்தால்தான் அந்த வரி எழுத வேண்டும். அன்று கால்பந்து ஆட்டம் இருந்தது. மொத்த மொந்தேவிதேயோ நகரமும் டிவி முன்னால். அவன் படித்தாலும் சரி என்றுதானே சொல்வான் என்று நானே எழுதிவிட்டு ஓடினேன்.

பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். மறுநாள் காலை அவன் அனுப்பியது இருந்தது.

"எழுதி முடிச்சதும் பக்கத்தை மூட மறந்துட்டே. நான் படிக்கறதுக்கு முன்னாடியே எதுக்குடா என் பேரு? நீயே சரி பண்ணிடு, நான் யார்கிட்டயும் சொல்லல."

கீழே என் பதில், ஒரே சொல். "நாளைக்கு."

ஒரு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்தேன். இயந்திரம் எச்சரிக்கை இல்லாமல் எழுந்தது. அறிக்கையில் தவறு செய்தவர் என்று என் பெயரைப் போட்டேன். 'குறையைச் சொன்னவர்' என்ற இடத்தில் மில்டன் பெயரை எழுதினேன்.

கிரிசெல்டா படித்தாள். "செத்தவன் எப்படிப்பா சொல்லுவான்?"

"உயிரோட இருக்கும்போதே சொல்லிட்டான். நான்தான் கேக்கல."

அவள் அறிக்கையை அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

பழைய பதிவை மட்டும் அழிக்க முடியாது. அதன் நகல் எல்லோருடைய கணினியிலும் இருக்கிறது. அங்கே என் தவறுக்குக் கீழே, தான் தவறு என்று சொன்ன ஒன்றையே சரி என்று சொல்லிக்கொண்டு மில்டன் நிற்கிறான்.